கார்ல்டன் வாட்கின்ஸ்: கொலம்பியா ஆறும் ஆரம்பகால ரயிலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, நடுவில் ஒற்றைத் தண்டவாளம். இந்தப் பழைய அமெரிக்கப் படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். எடுத்தவர் கார்ல்டன் வாட்கின்ஸ், எடுத்த இடம் அமெரிக்காவின் வடமேற்கில் ஓடும் கொலம்பியா ஆற்றங்கரை, எடுத்த வருடம் 1867. அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், படித்தும் படங்களைப் பார்த்தும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

யார் இந்த வாட்கின்ஸ்?

1829 நவம்பர் 11 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஒனியான்டா என்ற சிற்றூரில் பிறந்தவர். 1850களின் தொடக்கத்தில், தங்கம் தேடி எல்லோரும் கலிஃபோர்னியாவுக்கு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், அவரும் போனார். ஆனால் தங்கம் தோண்டவில்லை. ஒனியான்டாவில் கடை வைத்திருந்த காலிஸ் ஹன்டிங்டன் என்பவர் சாக்ரமென்டோவில் புதுக் கடை போட்டிருந்தார். சுரங்கக்காரர்களுக்கு வேண்டிய சாமான்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை வாட்கின்ஸுக்கு அங்கே கிடைத்தது.

ஹன்டிங்டன் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சாமான் கடைக்காரராக இருந்த அவர் பின்னாளில், கலிஃபோர்னியாவிலிருந்து கிழக்கே பாதை போட்ட சென்ட்ரல் பசிபிக் ரயில்வேயின் பெரு முதலாளிகள் நால்வரில் ஒருவரானார். வாட்கின்ஸ் தன் மகனுக்குக் காலிஸ் என்று பெயர் வைத்தார். அந்த அளவுக்கு நெருக்கம். இந்த ஊர்ப் பழக்கம் இல்லாமல் போயிருந்தால் வாட்கின்ஸின் ரயில் படங்களில் பாதி இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

படம் எடுக்க யாரிடம் கற்றுக்கொண்டார்?

ராபர்ட் வான்ஸ் என்பவருக்குக் கலிஃபோர்னியாவில் சில ஊர்களில் படம் எடுக்கும் கடைகள் இருந்தன. ஒரு கடையில் வேலை பார்த்தவர் திடீரென்று விலகிவிட, வேறு ஆள் கிடைக்கும்வரை கொஞ்ச நாள் கடையைப் பார்த்துக்கொள்ளும்படி வாட்கின்ஸை உட்காரவைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. ஒப்புக்கு உட்கார்ந்தவர் தொழிலையே கற்றுக்கொண்டுவிட்டார்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த கட்டம். 1858 முதல் நிலத் தகராறு, சுரங்கத் தகராறு வழக்குகளுக்காக இடங்களைப் படம் எடுத்துக் கொடுத்தார். நீதிமன்றத்தில் சாட்சியும் சொன்னார். எந்த இடத்தில் நின்று எடுத்தாய், ஏன் அங்கே நின்றாய் என்று வக்கீல் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். எல்லைக்கல் எது, மலைச்சரிவு எங்கே முடிகிறது என்பதெல்லாம் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். வாட்கின்ஸ் படங்களில் முன்னால் கிடக்கும் கூழாங்கல்லிலிருந்து தூரத்து மலை வரை எல்லாமே கூர்மையாக இருக்கும். அந்தப் பழக்கம் அழகுக்காக மட்டும் வந்ததல்ல. வழக்குகளும் அதற்கு ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

எதற்கு அவ்வளவு பெரிய கேமரா?

அப்போது வழக்கத்தில் இருந்த முறையில் படத்தைப் பெரிதாக்க முடியாது. நெகட்டிவ் எந்த அளவோ பிரிண்டும் அதே அளவுதான். பெரிய படம் வேண்டுமென்றால் கேமராவே பெரிதாக இருக்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தச்சரிடம் சொல்லி, 18 அங்குலத்துக்கு 22 அங்குலம் கண்ணாடித் தகடு போடும் கேமராவைச் செய்யவைத்தார். நம் வீட்டு ஜன்னல் கதவில் ஒரு கண்ணாடி இருக்குமே, ஏறத்தாழ அந்த அளவு. இதை அங்கே யானைத் தகடு என்ற பொருளில் 'மாமத்' தகடு என்றார்கள்.

1861ல் அந்தக் கேமராவோடு கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குப் போனார். கண்ணாடி, ரசாயனம், கூடாரம் எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு டன் எடை. ஒரு டஜன் கோவேறு கழுதைகள் சுமந்தன. 30 பெரிய தகடுகளோடும் நூறு ஸ்டீரியோ நெகட்டிவ்களோடும் (கருவியில் வைத்துப் பார்த்தால் முப்பரிமாணமாகத் தெரியும் சின்ன இரட்டைப் படங்கள்) திரும்பினார். 1862 டிசம்பரில் அந்தப் படங்களை நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தார்கள். கிழக்குக் கரைக்காரர்கள் பலர் யோசெமிட்டி எப்படி இருக்கும் என்று முதன்முதலாகக் கண்ணால் பார்த்தது அப்போதுதான். 1864 ஜூன் 30 அன்று அந்தப் பள்ளத்தாக்கைப் பொதுச் சொத்தாகக் காக்கும் சட்டத்தில் ஆப்ரஹாம் லிங்கன் கையெழுத்திட்டார். படங்களால் மட்டும் சட்டம் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் பேச்சு நடந்த இடங்களில் அந்தப் படங்களின் பங்கு பெரிது.

ஈரத் தகடு முறை என்கிறார்களே, அது என்ன? விளக்கமாகச் சொல்ல முடியுமா?

சரி, இதை நிதானமாகவே பார்ப்போம். இது புரியாமல் அந்தப் படங்களின் அருமை புரியாது.

கண்ணாடியைத் துளி அழுக்கில்லாமல் துடைத்துக்கொள்ள வேண்டும். அதன் மேல் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்ற வேண்டும். ஈதரிலும் ஆல்கஹாலிலும் ஒருவகை ரசாயனப் பஞ்சைக் கரைத்துச் செய்தது அது. ஊற்றியதும் தகட்டைக் கையில் ஏந்தி நான்கு மூலைக்கும் சாய்க்க வேண்டும், தோசைக் கல்லில் மாவு பரவுகிற மாதிரி ஒரே சீராகப் பரவ வேண்டும். மிச்சத்தை ஒரு மூலை வழியாகப் பாட்டிலுக்கே திருப்பி வடித்துவிட வேண்டும். 18க்கு 22 அங்குலத் தகட்டில் இதைச் செய்ய எவ்வளவு கைப்பழக்கம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது இருட்டு. கூடாரத்துக்குள் போய், தகட்டை சில்வர் நைட்ரேட் தொட்டியில் சில நிமிடம் முக்கி எடுத்தால் அது வெளிச்சத்தை உணரும் தகடாகிவிடும். உடனே ஒளி புகாத மரச் சட்டத்தில் வைத்துக் கேமராவுக்கு எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். லென்ஸ் மூடியைக் கழற்றி, மனத்துக்குள் எண்ணி, திரும்ப மூட வேண்டும். அப்புறம் மறுபடியும் கூடாரத்துக்கு ஓட்டம். இரும்பு சல்பேட் கரைசலை ஊற்றினால் உருவம் எழும். கழுவ வேண்டும், படம் நிலைக்க இன்னொரு ரசாயனத்தில் இட வேண்டும், திரும்பவும் கழுவ வேண்டும், காய்ந்ததும் வார்னிஷ் பூச வேண்டும்.

தொட்டியிலிருந்து எடுத்ததிலிருந்து உருவம் எழும்வரை தகடு ஈரமாகவே இருக்க வேண்டும். சுமார் 10 முதல் 15 நிமிடம்தான் கையில் இருக்கும். காய்ந்தால் போச்சு. அதனால்தான் அந்தக் காலத்துப் படக்காரர் இருட்டறையையே சுமந்துகொண்டு ஊர் சுற்றினார். கொலம்பியா ஆற்றின் கிழக்குப் பகுதியில் காற்றும் மணலும் அதிகம். அங்கே செலிலோ என்ற அருவிப் பக்கம் தண்டவாளத்தையே மணல் மூடும், ஆள் வைத்து வாரிப் போடுவார்கள். அந்த ஊரில், பிசுபிசுவென்று ஈரமாக இருக்கும் ஒரு பெரிய கண்ணாடியில் ஒரு மணல் துகள்கூட ஒட்டாமல் படம் எடுத்திருக்கிறார் இவர்.

அவர் படங்களில் வானம் ஏன் வெள்ளையாக இருக்கிறது? தண்ணீர் ஏன் பஞ்சு மாதிரி இருக்கிறது?

அந்தத் தகடு நீல ஒளியை மிக வேகமாகப் பிடிக்கும். பச்சையையும் சிவப்பையும் சரியாகப் பிடிக்காது. பாறைக்கும் மரத்துக்கும் போதுமான நேரம் திறந்து வைத்தால் வானம் அளவுக்கு மீறி வெளுத்துவிடும், மேகம் காணாமல் போகும். தண்ணீரின் கதை வேறு. பெரிய தகட்டுக்குப் பல வினாடிகள், சில நேரம் நிமிடக்கணக்கில்கூட மூடியைத் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் ஓடும் ஆறு எவ்வளவோ தூரம் போயிருக்கும். அதனால் அருவியும் சுழலும் வெண்புகை போலப் பதிந்தன. ஸ்டீரியோ கேமராவில் தகடு சின்னது, நேரமும் குறைவு. அலையின் உருவம் அதில்தான் ஓரளவு தெரியும்.

வெள்ளை வானத்தைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெறும் வானத்தின் முன்னால் மலையின் விளிம்பு கத்தியால் வெட்டினது மாதிரி நிற்கிறது. அந்த விளிம்பை எங்கே வைப்பது என்று அவர் கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறார்.

1867ல் கொலம்பியா ஆற்றுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்?

அந்த வருடம் ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கப்பலேறி ஓரிகனில் உள்ள போர்ட்லண்டுக்குப் போனார். சுமார் நான்கு மாதம் அந்தப் பக்கம் தங்கினார். வில்லமெட் ஆற்றின் அருவியையும் போர்ட்லண்டு ஊரையும் எடுத்துவிட்டு, கொலம்பியா ஆற்றோடு மேலே போனார். மல்ட்னோமா அருவி, பாறைகளில் ஆறு கொந்தளிக்கும் காஸ்கேட்ஸ் பாய்ச்சல், ஆற்றங்கரை டாலஸ் (The Dalles) ஊருக்குப் பின்னால் பனியோடு நிற்கும் ஹூட் மலை, கடைசியில் செலிலோ. 59 பெரிய தகடுகளும் நூற்றுக்கு மேற்பட்ட ஸ்டீரியோ படங்களும் தேறின. அதே வருடம் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவருடைய படங்களுக்குப் பதக்கம் கிடைத்தது.

அந்த ஆற்றுப் போக்குவரத்து முழுவதும் 1860ல் தொடங்கிய ஓரிகன் ஸ்டீம் நேவிகேஷன் நிறுவனத்தின் கையில் இருந்தது. அவர்களுடைய நீராவிக் கப்பல், அவர்களுடைய ரயில். அதில் ஏறாமல் அந்த வழியில் போகவே முடியாது. படங்களைப் பார்த்தாலும் தெரியும். நிறுவனத்தின் தண்டவாளம், கிடங்கு, படகுத்துறை எல்லாம் அடிக்கடி வருகின்றன.

இவ்வளவு பெரிய ஆற்றங்கரையில் ஆறு மைல், பதினாலு மைல் என்று குட்டி ரயில் எதற்கு? ஊரையும் ஊரையும் இணைக்கவில்லையே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

கொலம்பியா கனடாவில் பிறந்து சுமார் 2,000 கிலோமீட்டர் ஓடிப் பசிபிக் கடலில் சேரும் ஆறு. காஸ்கேட் மலைத்தொடரை அறுத்துக்கொண்டு வெளியேறுகிறது. அறுத்துக்கொண்டு வரும் இடத்தில் தண்ணீர் பாறைமேல் விழுந்து கொந்தளிக்கும், கப்பல் போகாது. இரண்டு இடங்களில் இந்தச் சிக்கல். கீழே காஸ்கேட்ஸ் பாய்ச்சல். மேலே டாலஸிலிருந்து செலிலோ அருவி வரையுள்ள நீளமான பாறைக் குடைவு.

அதனால் பயணம் இப்படி இருக்கும். போர்ட்லண்டில் கப்பலேறி, காஸ்கேட்ஸில் இறங்க வேண்டும். சாமானையெல்லாம் இறக்கி ரயிலில் ஏற்றி, சுமார் 6 மைல் போய், பாய்ச்சலைத் தாண்டி அடுத்த கப்பலில் ஏற வேண்டும். டாலஸ் வந்ததும் மறுபடி இறக்கம், மறுபடி ரயில், இந்த முறை சுமார் 14 மைல். செலிலோவில் மூன்றாவது கப்பல். இடாஹோ பக்கம் தங்கம் கிடைத்ததால் 1860களில் ஆட்களும் சரக்கும் குவிந்தார்கள். ஒவ்வொரு மூட்டையையும் இத்தனை முறை ஏற்றி இறக்கியாக வேண்டும். செலிலோவில் கரையோரமாக நீண்டுகிடந்த கிடங்கை வாட்கின்ஸ் எடுத்திருக்கிறார். பார்த்தால் சரக்கின் அளவு விளங்கும்.

காஸ்கேட்ஸின் ஓரிகன் கரையில் 1862ல் 'ஓரிகன் போனி' என்ற குட்டி எஞ்சின் ஓடியது. பசிபிக் வடமேற்கில் ஓடிய முதல் நீராவி எஞ்சின் அதுதான். சான் பிரான்சிஸ்கோவில் செய்து கொண்டுபோனது. எஞ்சின் வருவதற்கு முன் கோவேறு கழுதைகள்தான் மரத் தண்டவாளத்தில் வண்டி இழுத்தன. காஸ்கேட்ஸின் எதிர்க்கரையிலும் டாலஸ்–செலிலோ இடையிலும் 1863ல் எஞ்சின் ரயில் வந்துவிட்டது.

ஆக, அந்த ரயில் ஆற்றுக்குப் போட்டியாக வந்ததல்ல. ஆற்றால் முடியாத இடத்தில் கைகொடுக்க வந்தது. ஆறு எங்கே அனுமதிக்கவில்லையோ அங்கே மட்டும் ரயில், மற்ற இடமெல்லாம் கப்பல். ரயில் ஆற்றின் கையாளாக இருந்த அந்தக் கொஞ்ச காலத்தைத்தான் வாட்கின்ஸ் படம் எடுத்திருக்கிறார். பதினைந்து வருடம் கழித்துப் போயிருந்தால் இந்தப் படங்கள் கிடைத்திருக்காது. 1879ல் ஹென்றி வில்லார்ட் என்ற ரயில் முதலாளி அந்த நிறுவனத்தை வாங்கி, ஆற்றங்கரை நெடுக ரயில் போட ஆரம்பித்துவிட்டார். 1883ல் கிழக்கிலிருந்து வந்த நார்தர்ன் பசிபிக் ரயில் பாதையும் சேர்ந்தது. அதன்பின் சரக்குக்கு ஆறு தேவைப்படுவது குறைந்துபோனது.

'கேப் ஹார்ன், செலிலோ அருகே' என்ற படத்தை ஏன் எல்லோரும் இவ்வளவு பேசுகிறார்கள்? அதில் என்ன இருக்கிறது?

பட்டியல் போட்டால் ஒன்றுமில்லை. தண்டவாளம் உங்கள் காலடியில் தொடங்கி உள்ளே போகிறது. ஒரு பக்கம் கறுத்த பாறை, எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்து நிற்கும் பாறை. ஒரு பக்கம் அகலமான ஆறு. எஞ்சின் இல்லை, புகை இல்லை. இரண்டு இரும்புக் கோடுகளும் பாறையின் அடியில் போய் ஒரு புள்ளியாகச் சேர்ந்து மறைகின்றன.

பலர் இதை ரயிலின் வெற்றிப் படமாகப் பார்க்கிறார்கள். காட்டைக் கிழித்துக்கொண்டு நேர்கோடு போகிறது, நாகரிகம் வருகிறது, இப்படி. நான் பார்த்துப் பார்த்து வேறொரு முடிவுக்கு வந்திருக்கிறேன். தண்டவாளத்துக்கு அங்கே இடமே இல்லை. பாறை ஒரு பக்கம் நெருக்குகிறது, ஆறு ஒரு பக்கம் நெருக்குகிறது, மிச்சமுள்ள திட்டில் ஒண்டிக்கொண்டு போகிறது. கோடு நேராக இருப்பதால் நமக்கு அது பலமாகத் தெரிகிறது. பாறையின் உயரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், நூல் மாதிரி இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ஓவியமாக இருந்தால் முன்னால் ஒரு மரம், நடுவே ஒரு ஆடு மேய்ப்பவர், பின்னால் மலை என்று அடுக்கியிருப்பார்கள். வாட்கின்ஸ் அந்த அலங்காரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். கல், இரும்பு, தண்ணீர், வெற்று வானம், அவ்வளவுதான். அந்தத் துணிச்சல் அப்போது அபூர்வம்.

கேப் ஹார்ன் தென்னமெரிக்காவின் முனையில்தானே இருக்கிறது?

ஆமாம், மூலப் பெயர் அதுதான். சுற்றிப் போகச் சிரமமான முனை எங்கே இருந்தாலும் அந்தப் பெயரை வைத்துவிடுவார்கள். வாட்கின்ஸைப் படிக்கும்போது மூன்று கேப் ஹார்ன் வந்து குழப்பும். செலிலோ அருகே ரயில் போகும் பாறை ஒன்று. அதே கொலம்பியா ஆற்றில் கீழே, வாஷிங்டன் கரையில், தண்ணீருக்குள் நேராக இறங்கும் பாறை இன்னொன்று. இந்த இரண்டையும் அவர் 1867ல் எடுத்தார். மூன்றாவது கலிஃபோர்னியாவில் கோல்ஃபாக்ஸ் பக்கம், சென்ட்ரல் பசிபிக் பாதை வளைந்து ஏறும் மலை. படத்தின் தலைப்பைக் கடைசி வரை படித்தால் குழப்பம் தீரும்.

படங்களில் மனிதர்களே இல்லையே, அங்கே யாரும் வாழவில்லையா?

வாழ்ந்தார்கள். பத்தாயிரம் வருடத்துக்கு மேலாக வாழ்ந்தார்கள். செலிலோ அருவி வட அமெரிக்காவின் மிகப் பெரிய மீன்பிடி இடங்களில் ஒன்று. சால்மன் மீன்கள் கடலிலிருந்து ஆற்றை எதிர்த்து ஏறி வரும்போது, பாறை விளிம்பில் கட்டிய மரப் பரண்களில் நின்று நீளக் கோல் வலையால் அள்ளுவார்கள். வாஸ்கோ, விஷ்ரம், யாக்கமா, உமட்டில்லா, வார்ம் ஸ்பிரிங்ஸ், நெஸ் பெர்ஸ் என்று பல மக்கள் அங்கே கூடுவார்கள். உலர்த்தி இடித்த மீன் அங்கிருந்து வெகு தூரத்துக்கு வியாபாரமாகும். 1855 ஒப்பந்தங்களில் நிலத்தைப் பெரும்பாலும் இழந்தாலும், வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

1867 படங்களில் மனிதர்கள் குறைவு. மெதுவான தகட்டில் அசைகிறவர்கள் பதிய மாட்டார்கள் என்பது ஒரு காரணம். அது மட்டும் காரணமல்ல. காலியான நிலம், நம் வருகைக்குக் காத்திருக்கும் நிலம் என்ற எண்ணம் அன்று குடியேற வந்தவர்களுக்குப் பிடித்திருந்தது. வாட்கின்ஸின் படங்கள் அந்த எண்ணத்துக்கு உதவின. அவர் படங்களை நேசிக்கிறவன் என்பதால் இதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. 'கேப் ஹார்ன்' படத்தின் தண்டவாளம் மீன்பிடி ஊரை ஒட்டித்தான் போனது.

1869ல் இரண்டு பக்கத்து ரயில் பாதையும் சேர்ந்தபோது எஞ்சின்கள் எதிரெதிரே நிற்கும் பிரபலமான படம் இவருடையதா?

இல்லை. 1869 மே 10 அன்று யூட்டாவின் பிராமன்டரியில் எடுத்த அந்தப் படம் ஆண்ட்ரூ ரசல் எடுத்தது. அவர் கிழக்கிலிருந்து பாதை போட்டு வந்த யூனியன் பசிபிக் பக்கத்துப் படக்காரர். சென்ட்ரல் பசிபிக் பக்கத்தை 1860களில் ஆல்ஃபிரட் ஹார்ட் எடுத்துவந்தார்.

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. ஹார்ட் எடுத்த நெகட்டிவ்கள் நிறுவனத்துக்குச் சொந்தம். 1870 வாக்கில் அவை வாட்கின்ஸ் கைக்கு வந்தன. அவர் அவற்றைத் தன் பெயர் போட்டு விற்றார். ஹார்டின் பெயர் மறைந்துபோனது. இது அந்தத் தொழிலில் அப்போது சகஜம். நெகட்டிவ் யாரிடமோ அவர் பெயர்தான் அட்டையில்.

அப்புறம் அதே அடி வாட்கின்ஸுக்கும் விழுந்தது. 1870களின் நடுவில் பொருளாதாரம் சரிந்தது. சான் பிரான்சிஸ்கோ மான்ட்கோமரி தெருவில் அவர் நடத்திய 'யோசெமிட்டி ஆர்ட் காலரி' கடன்காரர்கள் கைக்குப் போனது. கூடவே நெகட்டிவ்களும் போயின. யோசெமிட்டி, கொலம்பியா எல்லாம் ஐசையா டேபர் என்ற இன்னொரு படக்காரர் பெயரில் வெளிவர ஆரம்பித்தன. இன்றும் டேபர் பெயர் போட்ட பழைய பிரிண்டுகளில் வாட்கின்ஸ் படங்கள் உண்டு. வாட்கின்ஸ் ஐம்பது வயதை நெருங்கும் நேரத்தில் அதே இடங்களுக்குத் திரும்பப் போய், முதலிலிருந்து எடுக்கத் தொடங்கினார். அவற்றை 'புதிய தொடர்' என்று பெயர் போட்டு விற்றார். ஒரே அருவிக்கு இரண்டு காலத்து வாட்கின்ஸ் படங்கள் இருப்பது இதனால்தான்.

கொலம்பியா தவிர வேறு ரயில் படங்கள் உண்டா?

நிறைய. 1873ல் ஓவியர் வில்லியம் கீத்தோடு யூட்டாவுக்கு ரயிலில் போனார். வாட்கின்ஸின் குதிரை வண்டியையே ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வேண்டிய இடத்தில் இறக்கிப் பூட்டி ஓட்டிக்கொள்ளலாம். இது ஹன்டிங்டன் தயவு.

தெகாச்சபி வளையப் படத்தைத் தேடிப் பாருங்கள். சதர்ன் பசிபிக் பாதை மலையேறும் இடத்தில், சுற்றி வந்து தன் தலைக்கு மேலேயே தான் போகும்படி 1876ல் போட்ட வளையம். பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள் கட்டியது. ஒரு சுற்றில் 77 அடி உயரம் ஏறிவிடும். 1880களில் வாட்கின்ஸ் கொலம்பியாவுக்கும் திரும்பிப் போனார். அப்போது ரயில் கரை நெடுக ஓடிக்கொண்டிருந்தது. 1884–85 குளிர்காலத்துப் பனியில் அந்தப் பாதை அடைபட்டுக் கிடந்ததையும் படமாக்கினார். 1867 படங்களையும் இவற்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஆற்றங்கரையில் யார் கை ஓங்கிவிட்டது என்று ஒரே பார்வையில் தெரியும்.

கடைசிக் காலம் எப்படி இருந்தது?

வருத்தமாக இருந்தது. 1890களில் கண் பார்வை மங்கத் தொடங்கியது. வாடகை கட்ட வழியில்லாமல், மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஓக்லண்டில் ஒரு பழைய ரயில் பெட்டியில் சுமார் ஒன்றரை வருடம் குடியிருந்தார். ரயிலை அவ்வளவு அழகாக எடுத்தவருக்கு இப்படி ஒரு ரயில் பெட்டியில் வாழ நேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. பிறகு ஹன்டிங்டன் ஏற்பாட்டில் கேப்பே பள்ளத்தாக்கில் ஒரு பண்ணை கிடைத்தது.

1906 ஏப்ரல் 18. சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கமும் தீயும் அவருடைய ஸ்டூடியோவை அழித்தன. வாழ்நாள் முழுதும் சேர்த்த நெகட்டிவ்கள், பிரிண்டுகள் எல்லாம் போயின. அவற்றை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு வாங்குவது பற்றி அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கைத்தடியோடு, கண் தெரியாமல், கைத்தாங்கலாகத் தெருவில் நடத்திக் கூட்டிப்போகப்படும் வாட்கின்ஸின் படம் ஒன்று இருக்கிறது. 1910ல் நாப்பா அரசு மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். 1916 ஜூன் 23 அன்று அங்கேயே இறந்தார். அங்கேயே, கல்லறைக்குப் பெயர்க்கல்கூட இல்லாமல் புதைத்தார்கள்.

நெகட்டிவ் எல்லாம் எரிந்துவிட்டதென்றால் இன்று நாம் பார்ப்பது என்ன?

அதற்கு முன்பே விற்றுப்போன பிரிண்டுகள். முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில், நெகட்டிவை ஒட்டவைத்து, வெயிலில் காட்டி எடுத்தவை. ஆல்பமாகத் தைத்துப் பணக்காரர்களும் நிறுவனங்களும் வாங்கியிருந்தார்கள். அவை அங்கங்கே வீடுகளிலும் நூலகங்களிலும் தப்பிக் கிடந்தன. பெரிய தகட்டுப் படங்கள் மட்டும் 1,200க்கு மேல் அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

படத்தில் இருக்கும் இடங்களை இன்று நேரில் பார்க்க முடியுமா?

மல்ட்னோமா அருவியைப் பார்க்கலாம், ஹூட் மலையைப் பார்க்கலாம். குட்டி எஞ்சின் 'ஓரிகன் போனி' காஸ்கேட் லாக்ஸ் ஊரில் இருக்கிறது. காஸ்கேட்ஸ் பாய்ச்சல் இல்லை. 1938ல் போனவில் அணை வந்து மூடிவிட்டது. செலிலோவும் இல்லை. 1957 மார்ச் 10 அன்று டாலஸ் அணையின் மதகுகளை இறக்கினார்கள். சில மணி நேரத்தில் அருவி தண்ணீருக்குள் போனது. மீன்பிடி மக்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பாய்ச்சலைத் தாண்டுவதற்காக அந்த ரயில் வந்ததோ அந்தப் பாய்ச்சலே இன்று ஒரு நீர்த்தேக்கம். அதன் பெயர் செலிலோ ஏரி.

2008ல் ஒலி அலை அனுப்பி ஆற்றடியை அளந்து பார்த்தார்கள். பாறைகள் அப்படியே இருக்கின்றன. அருவி உடையவில்லை, மூழ்கித்தான் இருக்கிறது.

எங்கே பார்ப்பது, எந்தப் படத்திலிருந்து தொடங்குவது?

லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கெட்டி அருங்காட்சியகம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், ஸ்டான்ஃபோர்டு, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ஆகியவற்றில் நல்ல தொகுப்புகள் உண்டு. வீட்டிலிருந்தே பெரிய அளவில் திறந்து பார்க்கலாம், காசு வேண்டாம். தயவுசெய்து போனில் பார்க்காதீர்கள், கம்ப்யூட்டரில் பாருங்கள்.

'கேப் ஹார்ன், செலிலோ அருகே' படத்தையே முதலில் திறங்கள். முழுப் படத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு கீழ்ப்பகுதியைப் பெரிதாக்குங்கள். தண்டவாளக் கட்டைகளுக்கு நடுவே கிடக்கும் சரளைக் கற்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். அங்கிருந்து கோட்டைப் பிடித்துக்கொண்டே மெல்ல மேலே நகருங்கள், பாறையின் அடி வரும்வரை.